பேசுவதற்கென்று யாரும் வரமாட்டார்கள்

வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக், பையன் கோயம்புத்தூரில் ஹாஸ்டல், நான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு ப்ளவுஸ் தைக்கிறேன். இவ்வளவு சொன்னாலே போதும், கேட்கிறவர்களுக்கு முகம் மாறிவிடும். "ஒத்தையிலயா கெடக்கிய?" என்று உச்சுக்கொட்டுவார்கள். ஒத்தையில் இருப்பது எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்ததில்லை என்றால் நம்புகிறவர்கள் குறைவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எஃப்.எம்.மைப் போட்டுக்கொண்டு மிஷினில் உட்காருகிற நேரம் உண்மையிலேயே சுகமானது. நெஞ்சை அடைத்ததெல்லாம் ஆள் நிறைய இருந்த இடத்தில்தான். நாத்தனார் மகள் கல்யாணத்தில் மண்டபம் நிறையச் சொந்தம், வருகிறவர்கள் எல்லாம் "எப்ப வந்த? அண்ணன் எப்ப வாராக?" என்று கேட்டார்கள், பதிலை நின்று வாங்கத்தான் யாருக்கும் நேரமில்லை, நானும் பந்தியில் சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலப் பையோடு பஸ் ஏறிவிட்டேன். அன்று ராத்திரி வந்த அழுகைக்கு எனக்கே காரணம் விளங்கவில்லை.

அதற்கப்புறம்தான் இந்தத் தனிமையைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். உலக சுகாதார நிறுவனம் இரண்டு விஷயங்களைப் பிரித்தே பேசுகிறது. ஆள் பழக்கம் குறைவாக இருப்பது ஒன்று. அதை வெளியில் நிற்கிறவர்கள் எண்ணிச் சொல்லிவிடலாம். நமக்கு வேண்டியிருக்கிற உறவு ஒரு மாதிரி, கையில் இருக்கிற உறவு வேறு மாதிரி என்று இருக்கும்போது வருகிற வலி இன்னொன்று. அது அவரவருக்குத்தான் தெரியும். அந்த வலியையும் ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-லேயே இரண்டாகப் பிரித்திருக்கிறார். மனசுவிட்டுப் பேச ஒரே ஒரு ஆள் இல்லாத ஏக்கம் ஒரு வகை. வந்து போக, கூடச் சிரிக்க, கோபித்துக்கொள்ள நாலு பேர் இல்லாத ஏக்கம் இன்னொரு வகை. ஒன்றைக் கொண்டு மற்றதை அடைக்க முடியாது என்கிறார்.

இதைப் படித்ததும் எனக்குப் பாதி விஷயம் தெளிந்துவிட்டது. என்னிடம் முதலாவது இருக்கிறது. வீட்டுக்காரர் தினமும் ராத்திரி கூப்பிடுவார், அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், அவர் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வரும்போது எனக்குத் தூக்கம் சொக்கும், ஆனாலும் எல்லாம் பேசுவோம். எனக்கு இல்லாமல் போனது அந்த நாலு பேர். நாலு பேர் தரவேண்டியதை ஒரு மனுஷன் போனில் தரமுடியாது என்று விளங்கியதும் எங்களுக்குள் நடந்த போன் சண்டை பாதி குறைந்தது. நீங்களும் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். ஒரே ஒரு ஆளுக்காக ஏங்குகிறவரை இழுத்துக்கொண்டு போய்க் கூட்டத்தில் விட்டால் அவருக்கு இன்னும் மோசமாகத்தான் இருக்கும்.

இது வெளிநாட்டுக்காரர்கள் வியாதி, நம் பக்கம் ஏது என்று ஒரு பேச்சு உண்டு. 2025 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை உலகத்தில் 6 பேரில் ஒருவருக்கு இந்த வலி இருப்பதாகச் சொல்கிறது. பணக்கார நாடுகளில் சுமார் 11 சதவீதம் பேர் என்றால் ஏழை நாடுகளில் சுமார் 24 சதவீதம் பேர். வயசானவர்களுக்கு மட்டும்தான் என்பதும் தப்பு, 13 முதல் 29 வயசு வரை உள்ளவர்களில் 17 முதல் 21 சதவீதம் பேர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே கூட்டுக் குடும்பம், தேர்த் திருவிழா, கோயில் கொடை என்று நாம் பெருமை பேசிக்கொள்வதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

நான் பிறந்தது கடையம் பக்கம், பீடி சுற்றுகிற ஊர். அடுப்படி வேலை முடிந்ததும் நாலைந்து பெண்கள் தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். மடியில் தட்டு, தட்டில் ஒரு பக்கம் வெட்டின இலை, ஒரு பக்கம் தூள், ஓரத்தில் நூல்கண்டு. இலையில் தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி அறுப்பதெல்லாம் கை தன்பாட்டுக்குச் செய்யும். கண் தட்டில் இருக்கும், வாய் ஊரெல்லாம் சுற்றும். யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை, முகத்தைப் பார்க்க வேண்டியிராததால்தான் அவ்வளவும் பேச முடிந்தது என்று இப்போது நினைக்கிறேன். ஒரு சித்தி, முந்தின நாள் ராத்திரி புருஷன் குடித்துவிட்டு வந்து அடித்ததை இலை வெட்டிக்கொண்டே சொல்வாள். யாரும் ஐயோ என்று கையை நிறுத்திவிட்டுப் பார்க்கமாட்டார்கள். அம்மா மட்டும் அவள் தட்டிலிருந்து ஒரு பிடி இலையை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொள்வாள், அன்றைக்குக் கடையில் போடவேண்டிய கணக்கு அவளுக்குக் குறைந்துவிடக் கூடாது என்று.

பீடி சுற்றுவதை நான் உயர்த்திச் சொல்லவரவில்லை. கூலி அற்பம், தூள் நெஞ்சில் ஏறும், குனிந்து குனிந்து முதுகு போய்விடும். அம்மாவின் இருமலைக் கேட்டு வளர்ந்தவள் நான், என்னைத் தட்டெடுக்க விடாமல் தையல் வகுப்பில் சேர்த்ததும் அம்மாதான். அந்தத் தொழில் இன்னொரு வீட்டுக்கு வரவேண்டாம். ஆனால் அந்தத் திண்ணைக்கு யாரும் "பேச" வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பீடி சுற்ற வந்தார்கள், பேச்சு தானாக நடந்தது.

நம்மிடமிருந்து ஒவ்வொன்றாகப் போனது இந்த மாதிரிக் காரணங்கள்தான். குறுக்குத்துறை பக்கம் ஆற்றில் குளித்துத் துவைத்த வீடுகளில் பம்ப் செட்டும் பாத்ரூமும் வந்தன. தெருக்குழாயில் குடத்தை வைத்து வரிசை போட்டுச் சண்டை பிடித்தவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே குழாய் வந்தது. உறைமோர் கேட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தோடு போனது போய் பாக்கெட் தயிர் வந்தது. இதில் ஒன்றைக்கூட நான் திரும்பக் கேட்கமாட்டேன், இடுப்பில் குடம் சுமந்தவளுக்குத்தான் அந்த அருமை தெரியும். இருந்தாலும் வசதி வந்த வேகத்தில், ஒருத்தர் வாசலில் இன்னொருத்தர் போய் நிற்க ஒரு சாக்கும் இல்லாமல் போய்விட்டது. "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று போய் நின்று பாருங்கள், கடன் கேட்க வந்திருக்கிறாளோ என்று ஒரு நிமிஷம் யோசிப்பார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் எல்லாம் தண்ணீருக்குள் நின்றன. எங்கள் தெருவில் தரைத்தள வீடுகளுக்குள் ஆறு வந்துவிட்டது. கீழே இருக்கிற வீட்டு ஓனர் ஆச்சியையும் பக்கத்து வீட்டுக் குடும்பத்தையும் என் மாடிக்கு ஏற்றினோம். கரண்ட் இல்லை, டவர் இல்லை, ஒரே ஒரு சிலிண்டர். ஒருத்தர் வீட்டு அரிசி, இன்னொருத்தர் வீட்டுப் பருப்பு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கஞ்சி. பயமும் இருந்தது, நஷ்டமும் இருந்தது, ஆச்சியின் பீரோவில் இருந்த பட்டெல்லாம் சேறாகிவிட்டது. ஆனால் அந்த நாட்களில் எங்கள் மாடியில் யாருக்கும் ஒத்தை என்கிற நினைப்பே வரவில்லை. அப்புறம் கரண்ட் வந்தது, டவர் வந்தது, வீட்டைக் கழுவி முடித்தார்கள், கதவுகள் பழையபடி சாத்திக்கொண்டன. யாருக்கும் யார் மேலும் வருத்தமில்லை. சேர்ந்து செய்ய வேலை இல்லை, அவ்வளவுதான். வெள்ளம் வராமலேயே அந்த மாதிரி ஒரு வேலையை உண்டாக்கிக்கொள்ள முடியுமா என்று எனக்கு அப்போதுதான் யோசனை ஓடியது.

அதற்கு நடுவே மனசு செய்கிற ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் கசியப்போ என்ற ஆராய்ச்சியாளர் வாழ்நாளில் பெரும்பகுதி இதைத்தான் ஆராய்ந்தார், 2018-இல் இறந்துபோனார். பசி எப்படிச் சாப்பிடு என்று சொல்கிறதோ அப்படி இந்த வலி ஆட்களைத் தேடிப் போ என்று சொல்கிறது, மனுஷன் கூட்டத்தை விட்டுப் பிரிந்தால் பிழைக்க முடியாமல் இருந்த காலத்திலிருந்து உடம்பு வைத்திருக்கிற மணி அது என்பது அவர் கருத்து. இதில் ஒரு கோளாறும் உண்டு. தனியாக விடப்பட்ட உயிர் எந்தப் பக்கமிருந்து ஆபத்து வருமோ என்று விழிப்பாக இருக்கும். அதனால் ஆட்களைத் தேடுகிற அதே மனசு ஆட்களைச் சந்தேகிக்கவும் ஆரம்பித்துவிடும். ப்ளூ டிக் விழுந்து பதில் வரவில்லையா, நம்மை ஒதுக்குகிறார்கள். எதிர்வீட்டு அக்கா பால் வாங்கப் போகும்போது பார்த்தும் பார்க்காமல் போனார்களா, நம்மைப் பற்றி ஏதோ பேசியிருக்கிறார்கள். (அவர்களுக்குக் கண்ணில் புரை, நாலடி தள்ளி நின்றால் ஆள் தெரியாது.) இப்படி நினைத்துக்கொண்டு நாம் முகத்தைத் திருப்பினால் அவர்களும் திருப்புவார்கள், அப்புறம் நாம் நினைத்ததே உண்மையாகிவிடும்.

தனிமைக்கு என்ன செய்தால் கேட்கிறது என்று அதுவரை நடந்த ஆய்வுகளைச் சேர்த்து 2011-இல் ஓர் அலசல் வந்தது, கசியப்போவும் அதில் ஒருவர். பேசப் பழக்குவது, ஆட்களைச் சந்திக்க வாய்ப்பு உண்டாக்குவது, உதவி செய்வது இவற்றையெல்லாம்விட, மற்றவர்களைப் பற்றி மனசு கட்டுகிற இந்தக் கதையைத் திருத்துவதுதான் அதிகம் பலன் கொடுத்தது என்று கண்டார்கள். 2018-இல் வந்த இன்னொரு ஆய்வும் எனக்குப் பிடிக்கும். புதிதாகப் பேசிவிட்டுப் பிரிகிற இரண்டு பேரிடம் கேட்டால், எதிராளிக்கு நம்மைப் பிடித்திருக்கும் என்று நாம் நினைக்கிற அளவைவிட உண்மையில் அவர்களுக்குக் கூடுதலாகவே பிடித்திருக்கிறதாம். நான் செய்வது இவ்வளவுதான்: யாராவது பதில் போடவில்லை என்றால் என்னைச் சேராத காரணம் இரண்டு சொல்லிப் பார்ப்பேன். அடுப்பில் பால் இருந்திருக்கும், பிள்ளை போனைப் பிடுங்கியிருக்கும். முக்கால்வாசி அப்படித்தான் இருக்கும்.

எல்லாமே மனசின் கற்பனை என்றும் சொல்லமுடியாது. புருஷன் வெளிநாட்டில் இருக்கிற பெண் சாயங்காலம் வாசலில் நின்றால் அதற்கு ஒரு பேச்சு, ஆட்டோவில் ஏறினால் ஒரு பேச்சு. வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால் அட்வான்ஸ் பற்றிப் பேசும் முன்பே "நீங்க எந்த ஆளுக?" என்று கேட்கிற ஊர் இது, யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம் என்பதற்கு இன்றும் கணக்கு இருக்கிறது. பாதி ஜனங்களின் தனிமைக்கு ஊர் வாயும் சாதியும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றும். இதை மூச்சுப்பயிற்சி செய்து சரிபண்ண முடியாது.

சரி, நான் செய்ததற்கு வருகிறேன். வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடக்கப் போய்ப் பார்த்தேன், அங்கே எல்லாரும் ஏற்கெனவே ஜோடி சேர்ந்து வேகமாக நடக்கிறவர்கள், எனக்குக் கால்வலிதான் மிச்சம். வாட்ஸ்அப் குரூப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, காலை வணக்கமும் ரோஜாப்பூவும். கடைசியில் கைகொடுத்தது கையிலிருந்த வேலைதான். ப்ளவுஸுக்கு ஹெம்மிங் பண்ணுவது, கொக்கி தைப்பது இதெல்லாம் கையால் செய்கிற வேலை, மிஷின் வேண்டாம். ஒரு சாயங்காலம் அந்தத் துணிகளை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

"ஆச்சி, மேல வெளிச்சம் பத்தல. ஊசி கோக்க முடியல. செத்த இப்படி வாசல்ல உக்காந்துக்கிடட்டா?"

"உக்காரேன், இதுக்கு எதுக்கு உத்தரவு?"

ஆச்சிக்குப் பிள்ளைகள் இரண்டு, ஒருத்தி அமெரிக்கா, ஒருத்தன் சென்னை. தினமும் வீடியோவில் வருவார்கள், குறை சொல்லமுடியாத பிள்ளைகள். ஆனால் ஆச்சி சொல்வாள், "அவ கேப்பா, நான் சொல்லுவேன். சாப்பிட்டேன், மாத்திரை போட்டேன், பாத்ரூம்ல லைட் போட்டுக்கிட்டேன். பரீட்சை எழுதுன மாதிரி இருக்கும் ஏட்டி." வயசானவர்களிடம் எல்லாரும் நலம் விசாரிக்கிறார்கள், யாரும் அவர்களிடம் ஒன்றும் கேட்டு வாங்குவதில்லை. ஆச்சி முதலில் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். பிறகு தையல் முடிந்த ப்ளவுஸை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு பிரிநூலை இழுத்துப் போட ஆரம்பித்தாள். அதற்கும் பிறகு "இந்தக் கொக்கி கோணலா நிக்கி, பிரிச்சுத் தை" என்று அதிகாரம் வந்தது. அந்த அதிகாரம் வந்த அன்றைக்கு ஆச்சி ராத்திரி தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். தனியாக இருக்கிற பெரியவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பதிலாக ஒரு வேலையைக் கொண்டு போங்கள். வடகத்துக்கு உப்புப் பதம் பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைக்குப் பேர் வைக்க யோசனை கேளுங்கள். கோயிலுக்குப் போங்க, மனசு லேசாகும் என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர்கள் நம்மைவிட அதிகம் கோயில் பார்த்தவர்கள்.

உடம்புக் காரணங்களை யாரும் யோசிப்பதில்லை. ஆச்சி கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்தியிருந்தாள், வீம்பு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். கூட உட்கார்ந்து பழகியபோதுதான் தெரிந்தது, வலது காது சரியாகக் கேட்கவில்லை, மேளச் சத்தத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்று புரியாமல் சிரித்துவைக்க வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், மண்டபத்தில் கக்கூஸ் எங்கே இருக்கும், வெஸ்டர்ன் இருக்குமா என்று தெரியாமல் போக பயம். முட்டிவலிக்காரப் பெண்கள் எத்தனை பேர் இந்த ஒரே காரணத்துக்காக முந்தின நாளிலிருந்து தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள், அல்லது வரவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள் தெரியுமா? பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் காதைப் பரிசோதித்தோம், மிஷின் மாட்டியிருக்கிறது, ஆச்சிக்குப் பிடிக்காத ஆள் பேசும்போது அதைக் கழற்றிவிடுவாள். கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் "கட்டாயம் வரணும்" என்பதோடு "தரைத்தளத்துலயே பாத்ரூம் இருக்கு ஆச்சி" என்றும் ஒரு வார்த்தை சொல்லலாம்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் நாலு மணிக்கு மேல் ஆச்சி வாசலில் ஐந்தாறு பேர். ஒருத்தி பூக்கட்டக் கொண்டுவருகிறாள், ஒருத்தி கீரை ஆய, புரைக்கண் அக்கா ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வருகிறார்கள். நாளும் நேரமும் குறித்தது முக்கியம் என்பேன். ஒரு நாள் பார்ப்போம் என்று சொன்னால் அந்த நாள் வராது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் 2018-இல் கணக்குப் பார்த்தார்: அறிமுகமானவர் சாதாரண சினேகிதராக சுமார் 50 மணி நேரம் கூட இருக்க வேண்டும், நெருங்கிய சினேகிதராக 200 மணி நேரத்துக்கு மேல். கொடைக்கு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய் வில்லுப்பாட்டு கேட்டு கிடாக்கறி சாப்பிட்டுத் திரும்புகிறவர்களுக்கு ஏன் ஒட்டவில்லை என்பது இந்தக் கணக்கில் தெரியும். வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்றால் நாலைந்து மாசத்தில் ஐம்பது வந்துவிடும். அதுவரை கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் இருக்கும், பொறுக்க வேண்டும்.

பையன் விஷயத்தில் இது உடனே உதவியது. முதல் செமஸ்டரில் "எல்லாரும் செட் சேர்ந்துட்டாங்கம்மா" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். நீயாகப் போய்ப் பேசு என்று சொன்னால் அவனுக்குக் கோபம்தான் வரும். கை வேலை இருக்கிற இடமாகப் பார்த்துச் சேர் என்றேன். என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்து மரம் நடக் குழி வெட்டிக்கொண்டு திரிகிறான், குழி வெட்டின பையன்களோடுதான் இப்போது மெஸ்ஸுக்குப் போகிறானாம்.

சிலருக்கு இதெல்லாம் போதாது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன செய்ய என்று பேச்சு வருகிறது என்றால் அது திண்ணையில் தீர்கிற விஷயம் இல்லை. 14416 என்ற டெலி மானஸ் (அரசாங்கத்தின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. மூத்தவர்களுக்கென்று 14567 இருக்கிறது. அந்த எண்களை ஆச்சி வீட்டுக் காலண்டரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

இதில் வீட்டுக்காரரை மறந்துவிட்டேனோ என்று நினைக்க வேண்டாம். ஒரே ரூமில் ஆறு பேர், ஆளுக்கொரு ஷிஃப்ட், ஆளுக்கொரு கட்டில், ஆளுக்கொரு ஹெட்போன்; என்னைவிட ஒத்தையில் கிடந்தது அவர்தான், சொல்லத்தான் மாட்டார். வெள்ளிக்கிழமை லீவில் நம்ம ஊர்ச் சொதி வைத்துப் பாருங்களேன் என்றேன். முதல் வாரம் தேங்காய்ப்பால் திரிந்துவிட்டதாம், நாங்குநேரிக்காரத் தம்பி ஒருவர் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் முதல் பாலை ஊற்ற வேண்டும் என்று சண்டைக்கு வந்திருக்கிறார், மலையாளத்துக்காரர் ஒருவர் அவர்கள் ஸ்டூ முறையைச் சொல்லியிருக்கிறார், இஞ்சிப் பச்சடிக்கு இஞ்சி வாங்க ஒருவர் மார்க்கெட்டுக்கு ஓடியிருக்கிறார். இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் கூப்பிட்டால், "கையில கரண்டி இருக்கு, அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிடுகிறார்.